மேட்டை விட்டு இறங்காதவள்

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் வங்கியிலும் ரேஷன் கடையிலும் சிரிக்கிறார்கள். என் முழங்கால்களைப் பார்த்த எலும்பு டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இது அறுபது வயசுக் காலுங்க" என்றார். பேஸ்பால் ஆட்டத்தில் கேட்சராக இருப்பவள் தன் காலத்தின் பெரும்பகுதியைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே கழிக்கிறாள். கல்லூரிக்காக, மாவட்டத்துக்காக, மாநிலத்துக்காக உட்கார்ந்தேன். பிறகு உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளியின் பிள்ளைகளுக்காக உட்கார்ந்தேன். இந்த ஆண்டு ஒருநாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

கல்லூரி அணியில் இப்போது ஆடும் பெண்கள் சிலர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு குறை. ஒரு பிட்சர் ஒரு நாளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பந்து வீசக்கூடாது என்று போட்டிகளில் இப்போது வரம்பு வைத்திருக்கிறார்கள்.

"நல்லாப் போட்டுட்டு இருக்கறவளப் பாதியில எறக்கி உட்டர்றாங்கக்கா. செயிக்கற மேட்சு கையை உட்டுப் போகுது. உங்க காலத்துல இந்த ரூலெல்லாம் இல்லீங்கள்ல?"

"இல்லை கண்ணு."

"தேன்மொழின்னு ஒருத்தங்க இருந்தாங்களாமா. முழு மேட்சும் அவங்களே போடுவாங்களாமா. அவங்களப் பத்திக் காலேஜு ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்கக்கா."

எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் கட்டுரையாக இது இருக்காது.

நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா வாழைத்தார் மண்டியில் சுமை ஏற்றினார். அம்மா நாற்று நட்டாள், களை எடுத்தாள். இருவரும் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. எங்கள் வகையறாவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த முதல் ஆள் நான், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான். வாழைத்தார் சுமந்தவர் மகள் எழுதும் இந்தக் கட்டுரையை யாரும் திருத்திக் கொடுக்கவில்லை. எனக்கு அது பெருமைதான். மறைக்க என்ன இருக்கிறது.

கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்த முதல் மாதம், மைதானத்தின் ஓரத்தில் சோற்றுக்காகக் காத்திருந்தோம். மற்றப் பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நாற்றங்காலில் உட்காருவதுபோல் குதிகால் தரையில் படியக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒருவர் வந்து என் எதிரில் நின்றார். கல்லூரி அணிக்குப் பயிற்சி கொடுத்த அருள்தாஸ் மாஸ்டர்.

"அம்மணி, இப்படியே எத்தன நேரம் உட்கார முடியுமுங்க?"

"சோறு வர்ற வரைக்குமுங்க."

அவ்வளவுதான் என் தேர்வு. அடுத்த நாள் கையுறை கொடுத்தார். விளக்கெண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி, தலையணைக்கு அடியில் வைத்துப் பதப்படுத்தச் சொன்னார். முதல் வருடம் முழுக்க இடது உள்ளங்கை வீங்கியே இருந்தது. அதற்குமேல் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிட்சர் ஒரு மண் மேட்டின்மேல் நின்று பந்து வீசுகிறாள். எதிர் அணிக்காரி மட்டையோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கேட்சர். மட்டைக்காரி அடிக்கத் தவறும் பந்து ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஆனால் அவள் வெளியே. எந்தப் பந்து வேண்டும் என்று கேட்சர்தான் தொடைகளுக்கு நடுவில் விரல் காட்டிச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் ஒரு விரல் என்றால் நேர் வேகம். இரண்டு என்றால் மட்டைக்குக் கிட்டே வந்ததும் கீழே விழும் பந்து. மூன்று என்றால் வேகம் போலக் காட்டி மெதுவாக வருவது. பிட்சர் கையிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பந்தும் கேட்சர் கையில் வந்து முடிகிறது. அதனால் பிட்சரின் கைக்கு என்ன நடக்கிறது என்பது அவளுடைய தாய்க்குத் தெரிவதற்கு முன்னால் கேட்சரின் உள்ளங்கைக்குத் தெரியும்.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் ஒருமையில் பேசியதில்லை. பதினேழு வயதுப் பெண்களையும் வாங்க, போங்க என்பார். மைதானத்தில் படுத்திருக்கும் நாயிடம் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். எதிர் அணிக்கும் சேர்த்துத்தான். பிறகு ஓடுபவர்கள் தொடவேண்டிய தளங்களைத் தன் துண்டாலேயே தட்டிவிடுவார்.

பிட்சரை மாற்றுவதற்கு அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மற்றப் பயிற்சியாளர்கள் பெஞ்சிலிருந்தே கையை அசைத்து "வா வெளியே" என்பார்கள். மாஸ்டர் நடுவரிடம் அனுமதி கேட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மைதானத்தின் நடுப்பகுதி வரைக்கும் நடந்து போவார். மேட்டின்மேல் ஏற மாட்டார். கீழே நின்று, மேலே நிற்கும் பெண்ணை அண்ணாந்து பார்த்து, "ஏனுங்க, இன்னும் முடியுமுங்களா?" என்று கேட்பார். முடியாது என்றால் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிப் பந்தை வாங்கிக்கொள்வார். முடியும் என்றால் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

"நாமளாப் பந்தைப் புடுங்கக் கூடாதுங்க அம்மணி. அவங்களாக் குடுக்கோணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

இதைப் படிக்கும் பெண்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களில் பாதிப்பேரை வீட்டில் யாரும் எதையும் கேட்டுச் செய்ததில்லை. போ என்றால் போனோம், வா என்றால் வந்தோம். "முடியுமுங்களா" என்று ஒரு பெரிய மனிதர் அண்ணாந்து பார்த்துக் கேட்டது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. அவருக்காகக் கால் முறிந்தாலும் ஓடியிருப்போம். "முடியாது" என்று மட்டும் யாருக்கும் சொல்ல வரவில்லை.

தேன்மொழி எனக்கு இரண்டு வருடம் இளையவள். தொண்டாமுத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்துத் தோட்டம். ஒல்லியான உடம்பு, நீண்ட கை. பேருக்கும் வாய்க்கும் சம்பந்தமே கிடையாது. முதல் நாள் மாஸ்டர் அவளிடம் பந்தைக் கொடுத்து என்னை உட்காரச் சொன்னார். அவள் கையை ஒருமுறை சுழற்றி வீசினாள். நான் கையுறையை நகர்த்தவே இல்லை. பந்து தானாக வந்து சுட்டுவிரலின் அடியில் உட்கார்ந்தது. மைதானச் சுவரில் சத்தம் எதிரொலித்தது. கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க புள்ள பழகுன?" என்று கேட்டேன்.

"தோட்டத்துலீங்கக்கா. யானை எறங்குச்சுன்னா வெடியப் பத்தவெச்சு எறியோணும். கிட்டப் போட்டா நம்ம மேல பாயும். தூரப் போட்டா அதுக்குக் கேக்காது."

எங்கள் அணியில் அப்போது பிட்சராக இருந்த கோகிலா சிரித்தாள். "யானைக்கு எத்தன ஸ்ட்ரைக்கு?"

"ஒன்னுதானுங்க. ரெண்டாவது போட நாம இருக்க மாட்டோம்."

கீழே விழும் பந்தை அவளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. நான் விரல் பிடிக்கும் விதத்தைக் காட்டினேன். மூன்றாவது முறையே அது மட்டைக்கு முன்னால் படியிறங்குவதுபோல் இறங்கியது. அந்தப் பந்தைப் பிடிக்க நானே ஒரு பருவம் பழக வேண்டியிருந்தது. எங்கள் அணியில் என்னைத் தவிர யாராலும் அதைப் பிடிக்க முடியாது. அவள் போட்ட முதல் இரண்டு வருடங்களில் நாங்கள் தோற்ற ஆட்டங்கள் எதுவும் நினைவில்லை. அவள் பந்தைப் பிடித்துக்கொண்டு அந்த மண்ணில் உட்கார்ந்திருந்த நேரத்தைப்போல் என் வாழ்க்கையில் பிறகு எதுவும் அமையவில்லை. ஆசிரியை வேலை, மாநில அணி, எதுவும்.

குறை இதுதான். மேட்டில் இன்னொருத்தி நிற்பதை அவளால் பார்க்க முடியாது. கோகிலா வேகமில்லாவிட்டாலும் குறி தவறாதவள். அவள் வீசும்போது தேன்மொழி பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகக் கொட்டாவி விடுவாள்.

"கோகி, உன்ற பந்து வந்து சேர்றதுக்குள்ள பேட்டுப் புடிச்சவ டீ குடிச்சுப்போட்டு வந்துருவா போல."

எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அவள் சொல்லும் விதம் அப்படி. ஒரு பருவம் முழுக்க இது நடந்தது. கோகிலா ஒருநாள் சீருடையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கைப்பந்து அணிக்குப் போய்விட்டாள்.

"எனக்கு அவ மேல கோவமில்லீங்க்கா. அவ போடறதப் பாத்துட்டு எனக்கே என்ற பந்து புடிக்கல" என்றாள்.

மாஸ்டர் தேன்மொழியைக் கூப்பிட்டுக் கேட்டார். "அப்படிப் பேசலாமுங்களா தேன்மொழி?"

"பேசக் கூடாதுங்க மாஸ்டர்" என்றாள், அழகாக. அடுத்து வந்த பெண்ணையும் அதேபோல் விரட்டினாள். அதன்பின் அணியில் வேறு பிட்சரே இல்லாமல் போனது.

அவள் ஏன் அப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா இல்லாத வீடு. அண்ணன் சொல்வதுதான் சட்டம். "ஸ்டேட் டீம்ல எடுத்தாப் படி, ஆடு, விளையாட்டுக் கோட்டாவுல கவர்மென்ட் வேலை கெடைக்கட்டும். இல்லீன்னா மாமன் ஊட்டுக்குப் போற வழியப் பாரு" என்று அவளுக்குக் கெடு வைத்திருந்தான். மாமன் மகனுக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட. ஒரு ஆட்டத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தால் தேர்வாளர்கள் பார்க்கும் நாளில் அந்த இன்னொருத்திதான் மேட்டில் நிற்பாளோ என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தை அவள் கிண்டலாக மாற்றி வைத்திருந்தாள்.

அவளுடைய மூன்றாம் வருடம் என் உள்ளங்கைக்குச் செய்தி வந்தது. நான் அப்போது அதே வளாகத்தில் உடற்கல்வி ஆசிரியைக்கான பி.பி.எட். படித்துக்கொண்டு அணியில் தொடர்ந்தேன். தாழ்வாக வரவேண்டிய பந்து மார்பு உயரத்துக்கு வர ஆரம்பித்தது. கையுறையில் விழும் சத்தம் மாறியது. காய்ந்த பலகையில் அறைவதுபோல் இருந்தது போய், ஈரத்துணியைத் துவைப்பதுபோல் ஆனது. பிறகு மற்றவற்றையும் கவனித்தேன். இடது கையால் தலை வாரினாள். சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், பாதியில் கை நின்றுவிடும். கல்லூரி வாசலில் இருந்த மருந்துக்கடையில் சீட்டு எதுவும் இல்லாமல் வலி மாத்திரை அட்டை வாங்குவாள். டீயோடு இரண்டு, ஆட்டத்துக்கு முன் இரண்டு.

நானே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். முழங்கைக்குள் இருக்கும் தசைநார் நைந்து போயிருக்கிறது, இந்தப் பருவம் முழுக்கப் பந்தைத் தொடக்கூடாது, இந்த மாத்திரைகளை இப்படி விழுங்கக்கூடாது என்றார் அவர். வெளியே வந்ததும் தேன்மொழி சொன்னாள்:

"அவுருக்குப் பேஸ்பாலுன்னா என்னன்னே தெரியலக்கா. கிரிக்கெட்டான்னு கேக்கறாரு. அவுரு சொல்றத நான் கேக்கோணுமா?"

மாஸ்டரிடம் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. அவளைக் கூப்பிட்டார். கேட்டார். "முடியுங்க மாஸ்டர்" என்றாள்.

ஈரோட்டில் நடந்த போட்டி அது. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் அரையிறுதி, மதியம் இறுதி. காலை ஆட்டம் முழுவதையும் தேன்மொழி வீசினாள். சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருக அவளால் முடியவில்லை. என்னிடம் நீட்டாமல், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"மாஸ்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிருமுங்க" என்றாள் பிறகு.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். காய்ச்சலா, ஒரு ஊசி. கல்யாணத்துக்குப் போகவேண்டும், இடுப்பு பிடித்திருக்கிறதா, ஒரு ஊசி. அப்பாவும் தார் ஏற்றும் பருவத்தில் முதுகுக்கு ஊசி போட்டுக்கொண்டு மண்டிக்குப் போயிருக்கிறார். ஊசி என்றால் வைத்தியம் முடிந்தது என்று பொருள். மாஸ்டர் வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு அவளைத் தெருவுக்கு எதிரே இருந்த கிளினிக்குக்கு நடத்திப் போனார். திரும்பும்போது அவள் கையை வீசி நடந்து வந்தாள், முகம் மலர்ந்திருந்தது.

"வலி போனா கை சரியாயிருச்சுன்னு அர்த்தமில்லீங்க மாஸ்டர்" என்றேன். "எப்ப நிறுத்தோணும்னு இனி அவளுக்கே தெரியாது."

"கேட்டனுங்க அம்மணி. முடியுங்கறாங்க" என்றார். அவர் கண்களில் கவலை இருந்தது. ஆனாலும் கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் அவள் வீசியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இந்தப் பெண்களும் என்னிடம் வந்தார்கள். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னிலையில் இருந்தோம். கடைசிச் சுற்றுக்கு முந்தைய சுற்றில் பந்து மேலேறியது. அடுத்தது இன்னும் மேலே. கையுறையில் சத்தமே இல்லை. நான் நடுவரிடம் நேரம் கேட்டு மேட்டுக்கு நடந்தேன். வாயைக் கையுறையால் மறைத்துக்கொண்டு பேசினோம்.

"போதும் புள்ள. பந்தைக் குடுத்துரு."

"யாருகிட்டக் குடுக்கறது? கோகி கைப்பந்து ஆடப் போயிட்டா."

"வெரட்டுனது நீதான்."

"அதனாலதான் நானே போடறேன். போய் உக்காருங்கக்கா. சேர்ல இருக்கறவங்க பாத்துட்டு இருக்கறாங்க."

"நான் உக்கார மாட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க உக்காரலீன்னா கவிதா உக்காருவா."

கேட்சருக்கு அதிகாரம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அவள் உட்காராவிட்டால் பந்து வீச முடியாது. இத்தனை வருடத்தில் நான் அதைப் பயன்படுத்திய ஒரே தடவை அது. மாஸ்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். மேட்டுக்குக் கீழே நின்றார்.

"ஏனுங்க தேன்மொழி, இன்னும் முடியுமுங்களா?"

"முடியுங்க மாஸ்டர்."

என் பக்கம் திரும்பினார். "அம்மணி, உட்கார முடியுமுங்களா?"

"முடியாதுங்க மாஸ்டர்."

அவரிடம் அந்தப் பதிலை அதுவரை யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை. கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். என் மார்புக் கவசத்தின் வாரை அவரே குனிந்து அவிழ்த்துவிட்டார். பிறகு பெஞ்சைப் பார்த்து, "ஏனுங்க கவிதா, நீங்க உட்காருவீங்களா?" என்று கேட்டார். கவிதா பயந்துபோய் எழுந்து நின்றாள். "உக்காருவனுங்க மாஸ்டர்" என்றாள்.

கவிதாவால் கீழே விழும் பந்தைப் பிடிக்க முடியாது. தேன்மொழிக்கும் அது தெரியும். மெதுவாக வரும் பந்தும் அவளோடு பழகியதில்லை. அதனால் ஒரு விரல்தான், ஒவ்வொரு தடவையும். நேர் வேகம். முழுக் கையையும் போட்டு எறிய வேண்டிய பந்து. நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுற்றை அப்படியே முடித்தாள். கடைசிச் சுற்றில் இரண்டு பேரை வெளியேற்றிவிட்டாள். மூன்றாவது பெண்ணுக்கு வீசிய பந்து கவிதாவின் தலைக்கு மேலே, நடுவர் தலைக்கு மேலே, பின்னாலிருந்த வலைக்கும் மேலே போனது. படீரென்று சத்தம் கேட்டதாகப் பலரும் சொல்கிறார்கள். பெஞ்சுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் தன் கையை யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

வலது ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணை வீசச் சொன்னார்கள். குறியே இல்லாமல் வீசினாள். தோற்றோம். தேர்வாளர்கள் எழுந்து போன பிறகு நாற்காலிகளை ஒருவன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பேருந்தில் மாஸ்டரின் துண்டால் கட்டிய தூக்கில் அவள் கை கிடந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"நீங்க உக்காந்திருந்தா ரெண்டு வெரலு காட்டியிருப்பீங்க. முழுக் கையும் போடாம முடிச்சிருப்பேன்" என்றாள்.

நான் செய்தது சரி. இன்றைக்கு அதே இடத்தில் நிற்க நேர்ந்தாலும் உட்கார மாட்டேன். ஆனால் அவள் சொன்னதும் பொய்யில்லை. சரியானதைச் செய்தால் ஏதாவது மிஞ்சும் என்று படித்தவர்கள் நினைத்துக்கொள்கிறோம். எதுவும் மிஞ்சாமலும் போகலாம்.

அறுவை சிகிச்சை செய்தால் ஓரளவு மீளலாம் என்றார்கள். கத்தி பட்ட கையை எந்த அணியும் எடுக்காது என்று அவள் பிடிவாதமாக மறுத்தாள். அண்ணன் மாமன் வீட்டுப் பேச்சை எடுத்ததும் வீட்டை விட்டுக் கிளம்பிவந்து, நகரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். படிப்பைத் தொடரவில்லை. ஒவ்வொரு வருடமும் தேர்வு நடக்கும் மாதத்துக்கு முன்னால் எனக்கு ஃபோன் வரும்.

"அக்கா, கொஞ்சம் வந்து உக்காருங்க. போட்டுப் பாக்கறேன்."

போவேன். அப்போது உட்கார்வதால் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. பந்து என்னிடம் வந்து சேராது, பாதி வழியில் தரையில் தட்டி உருளும். "இன்னிக்கு ஊசி போடல. போட்டுட்டு வாரேன், அப்பப் பாருங்க" என்பாள். மாத்திரை அட்டை எப்போதும் அவள் பையில் இருக்கும். சாப்பிடாவிட்டாலும் அதை விழுங்குவாள். டாக்டர் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். திட்டினேன். பையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் போட்டிருக்கிறேன். கடைகளுக்கா பஞ்சம்.

வருடங்கள் போனதும் முகம் வீங்கியது. பிறகு கணுக்கால். கடையில் மயங்கி விழுந்தவளை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தன. என்னென்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது சொந்தக்காரர்கள் பெயரைச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னாள். அம்மாவுக்குச் சர்க்கரை, அவள் சிறுநீரகம் ஆகாது என்றார்கள். அண்ணன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனான். வாரத்தில் இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று ஆனது. நான் பள்ளி விட்டதும் போய் உட்கார்ந்திருப்பேன்.

"என்ற வாழ்க்கையில மாத்தாளுன்னு நான் ஒத்துக்கிட்டது இந்த மிசினு ஒன்னத்தான்" என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்தாள்.

அதையும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு கொஞ்சம் தெளிந்தால் அடுத்த முறைக்கு வரமாட்டாள். நான் போய்க் கூட்டிவருவேன். தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது, அதிலுள்ள பொட்டாசியம் உப்பு இதயத்தை நிறுத்திவிடும் என்று நர்ஸ் ஒவ்வொருவரிடமும் சொல்வார். அவளுக்கு எப்போதும் தாகம்.

கோடையில் ஒருநாள், முந்தைய முறைக்கு வராமல் விட்டிருந்தாள். இழுத்துக்கொண்டு வந்து படுக்கையில் விட்டுவிட்டு, இயந்திரம் காலியாகும்வரை சீட்டுப் பதியும் இடத்தில் வரிசையில் நின்றேன். திரும்பி வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று வெகுநாளாகிவிட்டது, பார்வையும் மங்கியிருந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை. கட்டிலுக்கு அடியில் சீவிய இளநீர்க் காய்கள் இரண்டு காலியாகக் கிடந்தன.

"வாங்க அம்மணி" என்றார். "ரெண்டும் குடிச்சுட்டாங்க. நல்ல தாகமா இருந்திருப்பாங்களாட்ட இருக்குதுங்க, பாவம்."

நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அந்த வார்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

"கேட்டாருங்க்கா" என்றாள் மெதுவாக. "குடிக்கறீங்களான்னு கேட்டாரு."

நர்ஸிடம் ஓடினேன். டாக்டர்கள் வந்தார்கள், திரையை இழுத்தார்கள். ஊசி போட்டார்கள், இயந்திரத்தை இன்னொரு நோயாளியிடமிருந்து கழற்றிக் கொண்டுவந்தார்கள். வெயில் இறங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மாஸ்டரை வெளியே மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்திருந்தேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இப்படித் திடீரென்று ஆவதுண்டு என்று மட்டும் சொன்னேன்.

மாஸ்டர் போன வருடம் காலமாகிவிட்டார். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

தேன்மொழி இறந்த மறுநாள், தொண்டாமுத்தூரில் அவள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கோகிலா வந்திருந்தாள், கவிதா வந்திருந்தாள். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பாடையைத் தூக்கும் நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா அவங்க வாயில பட்டது நான் கொண்டுபோன எளநிதானுங்களே அம்மணி. அதாவது குடுக்க முடிஞ்சுதுங்களே."

"ஆமாங்க மாஸ்டர்" என்றேன்.